தீயணைப்பானையும் தராசில் ஏற்றுங்கள்



நம் கடைக்கு வருகிற எந்தச் சரக்கையும் நிறுத்துப் பார்க்காமல் நாம் இறக்குவதில்லை. துவரம்பருப்பு மூட்டையில் அரைக் கிலோ குறைந்தாலும் லாரி டிரைவரிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் விடுகிறோம். வத்தல், மல்லி, சர்க்கரை எல்லாவற்றுக்கும் சாக்கு எடை கழித்துக் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் சிகப்பு சிலிண்டருக்குள் சரக்கு இருக்கிறதா என்று நிறுத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? லைசென்சுக்குக் கேட்டார்கள், பாங்கிக் கடனுக்குக் கேட்டார்கள் என்று வாங்கி மாட்டினோம். பிறகு அதற்கு முன்னால் பிஸ்கட் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டோம். பெரும்பாலான மளிகைக் கடைகளில் இதுதான் நிலைமை.

தீயணைப்பானால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 6 கிலோ தூள் சிலிண்டர் முழுவதும் காலியாக ஏறக்குறைய 15 முதல் 20 வினாடி ஆகும். 2 கிலோ சிலிண்டர் பத்து வினாடி தாக்குப் பிடித்தால் அதிகம். ஆகவே அது ஆரம்பத் தீயை அடக்குவதற்கான கருவி. குப்பைக்கூடை அளவில், ஓர் அட்டைப்பெட்டி அளவில் இருக்கும்போது அடித்தால் அணையும். ஓர் அடுக்கு முழுவதும் பற்றிக்கொண்ட பிறகு பத்து சிலிண்டர் இருந்தாலும் பயன் இல்லை. அந்த முதல் ஒரு நிமிடத்தில் கைக்கு எட்டும் இடத்தில், உள்ளே சரக்கோடு, இழுக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீண்.

எந்த வகை வாங்குவது?

அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகைகளில் கூம்பு வடிவத்தில் ஒரு சிகப்புக் கருவியும், பக்கத்தில் மணல் வாளிகளும் தொங்கும். சோடாக் கரைசலும் கந்தக அமிலக் குப்பியும் உள்ளே இருக்கும். குமிழைத் தட்டிக் கவிழ்த்தால் தண்ணீர் பீய்ச்சும். அந்த வகை இப்போது வழக்கொழிந்துவிட்டது. பழைய கட்டடங்களில் யாரிடமாவது இன்னும் இருந்தால் அதைத் தொட வேண்டாம். துருப்பிடித்த உடம்புக்குள் அழுத்தம் ஏறினால் வெடித்துவிடும்.

இன்று மளிகைக் கடைக்கு ஏற்றது ஏ.பி.சி. தூள் வகை. நம் நாட்டு வகைப்பாட்டில் ‘ஏ’ என்றால் காகிதம், சாக்கு, மரம் போன்ற திடப்பொருள் தீ. ‘பி’ என்றால் எண்ணெய், பெட்ரோல் போன்ற திரவத் தீ. ‘சி’ என்றால் எரிவாயுத் தீ. ‘சி’ என்பது கரண்ட் என்று சில விற்பனையாளர்களே சொல்கிறார்கள். அது அமெரிக்காவின் கணக்கு. ஆனாலும் இந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்சாரத் தீக்கும் அடிக்கலாம்.

பில் போடும் கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர், மின்சார போர்டு இருக்கும் இடத்துக்குக் கரியமில வாயு சிலிண்டர் ஒன்று தனியாக வைப்பது நல்லது. தூள் பட்டால் தீ அணையும்; ஆனால் அந்தத் தூள் ஈரம் பட்டதும் மின்னணுப் பொருள்களை அரிக்க ஆரம்பிக்கும். எலெக்ட்ரானிக் தராசும் கம்ப்யூட்டரும் தீயில் பிழைத்துத் தூளில் போய்விடும். கரியமில வாயு எந்த மிச்சமும் வைக்காது. ஆனால் அதை ஜன்னல் இல்லாத சிறிய அறையில் அடித்தால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும். அடித்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். அடிக்கும்போது அதன் கறுப்புக் குழலைக் கையால் பிடிக்கக் கூடாது. வெளிவரும் வாயு உறைபனியைவிட எத்தனையோ மடங்கு குளிர்ச்சியானது; தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும்.

அளவைப் பற்றி என் கருத்து ஒன்று. ‘பெரிதாக இருந்தால் நல்லது’ என்று 9 கிலோ வாங்கி மாட்டுகிறார்கள். இரும்பு உடம்போடு சேர்த்து அதன் எடை பதினான்கு, பதினைந்து கிலோவைத் தொடும். கவுண்ட்டரில் நிற்கும் பெண்ணோ, ஒல்லியான பையனோ அதை இறக்குவதற்குள் தீ மேலே ஏறிவிடும். 9 கிலோவில் ஒன்று வைப்பதைவிட 4 கிலோவில் இரண்டு வைப்பது மேல். ஒன்றை வாசல் பக்கமும், மற்றொன்றைக் கிட்டங்கிக்குள் நுழையும் இடத்திலும் மாட்டலாம். கடையின் எந்த மூலையில் நின்றாலும் 15 மீட்டர், அதாவது சுமார் 50 அடிக்குள் ஒரு சிலிண்டர் எட்ட வேண்டும் என்பது விதி. அடிப்பாகம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் யாரும் எளிதில் எடுக்கலாம். இன்வெர்ட்டருக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். தீப்பிடிக்கும் இடத்திலேயே மாட்டினால் எடுப்பது எப்படி? வெளியேறும் வழிக்குப் பக்கத்தில்தான் அதன் இடம்.

எடையும் முள்ளும்

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் உடம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரைக்குக் கீழே உள்ள சி.எம்./எல். எண்ணை பி.ஐ.எஸ். கேர் செல்போன் செயலியில் போட்டால் உண்மையான லைசென்ஸா என்று தெரிந்துவிடும்.

பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து எடையை ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். குழாயோடு நிறுத்தால் எப்போதும் குழாயோடுதான் நிறுக்க வேண்டும்.

கரியமில வாயு சிலிண்டரில் முள் காட்டும் மீட்டர் கிடையாது. உள்ளே வாயு இருக்கிறதா என்று அறிய எடை ஒன்றுதான் வழி. காலி எடையும் நிரம்பிய எடையும் அதன் உடம்பிலேயே குறித்திருப்பார்கள். 4.5 கிலோ வாயு பிடிக்கும் சிலிண்டரில் 450 கிராம் குறைந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு போனால், நிரப்பக் கொடுக்க வேண்டும். 2 கிலோ சிலிண்டருக்கு 200 கிராம். வால்வு வழியாகச் சிறிது சிறிதாகக் கசிவதற்குச் சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. பார்ப்பதற்குப் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். உள்ளே பாதிகூட இருக்காது.

தூள் சிலிண்டரின் விஷயம் வேறு. அதில் தூளைத் தள்ளுவது நைட்ரஜன் வாயு. அந்த வாயு முழுவதும் போனாலும் தராசில் பெரிதாகத் தெரியாது. மீட்டர் முள்தான் காட்டும். முள் பச்சையில் இருக்க வேண்டும். அதே சமயம், முள் பச்சையில் இருப்பதால் தூள் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. 6 கிலோ போட வேண்டிய இடத்தில் 4 கிலோ போட்டு வாயுவை ஏற்றினாலும் முள் பச்சையில்தான் நிற்கும். அதைக் கண்டுபிடிப்பது தராசு. ஆகவே தூள் சிலிண்டருக்கு முள், எடை இரண்டும் பார்க்க வேண்டும். உள்ளே தனிக் குப்பியில் வாயு வைத்த பழைய மாதிரித் தூள் சிலிண்டர்களில் மீட்டரே இருக்காது. பராமரிக்க வரும் ஆளிடம் அந்தக் குப்பியைக் கழற்றி நிறுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். நீங்களாக எந்த மூடியையும் திருகிக் கழற்றாதீர்கள். அழுத்தத்தோடு தெறித்தால் முகம் போய்விடும்.

எடை சரியாக இருந்தாலும் தரம் என்று ஒன்று உண்டு. ஏ.பி.சி. தூளில் தீயை அணைக்கும் சத்து மோனோ அம்மோனியம் பாஸ்பேட். இது 40, 50, 90 சதவீதம் என்று பல தரங்களில் சந்தையில் கிடைக்கிறது. மீதி நிரப்புப் பொருள். மஞ்சள்தூளில் மாவு கலந்தால் நமக்கு விரலால் தேய்த்தே தெரியும். இந்தத் தூளில் எத்தனை சதவீதம் என்று நமக்குத் தெரியாது என்பதை வைத்துச் சிலர் வியாபாரம் செய்கிறார்கள். நிரப்பும்போது எத்தனை சதவீதம், ஐ.எஸ். 14609 தரமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். விலை மிகவும் குறைத்துச் சொன்னால் காரணம் இல்லாமல் இருக்காது. இது நமக்குத் தெரியாத விஷயமா?

இன்னொரு வகை ஏமாற்றையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை ஒருவர் பையோடு வருவார். சிலிண்டரை ஈரத்துணியால் துடைப்பார். பழைய சீட்டைக் கிழித்துப் புதிய சீட்டு ஒட்டி, அடுத்த ஆண்டுத் தேதி போடுவார். பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். எங்கள் வீதியில் வரிசையாகப் பல கடைகளில் இப்படி நடந்தது. சிலிண்டர் கடையை விட்டு வெளியே போகவில்லை, தூளும் கொண்டுவரவில்லை என்றால் எதைக் கொண்டு நிரப்பினார்? கொண்டுபோகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். இந்த ஒரு பழக்கமே அப்படிப்பட்டவர்களை உங்கள் கடைப் பக்கம் வராமல் செய்துவிடும்.

2010ஆம் ஆண்டின் ஐ.எஸ். 2190 பதிப்புப்படி, தூள் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும், கரியமில வாயு சிலிண்டருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் தண்ணீர் ஏற்றி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். சோதனைத் தேதியைச் சிலிண்டரில் குறித்துத் தரச் சொல்லுங்கள். மற்றபடி மாதாமாதம் நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சரக்கு இருப்பு எடுக்கும் நாளன்று முள்ளைப் பார்த்து, எடையைப் பார்த்து, ரப்பர் குழாயில் வெடிப்போ, வாயில் குளவிக்கூடோ இருக்கிறதா என்று பார்த்து, தூள் சிலிண்டரை இரண்டு மூன்று தடவை கவிழ்த்து நிமிர்த்தி வைத்தால் போதும். தூள் நாள்பட அடியில் கெட்டிப்பட்டுவிடும், கவிழ்த்தால் இளகும். ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று ஒரு சொட்டு அடித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. வால்வில் தூள் ஒட்டிக்கொண்டு, அன்று இரவே அழுத்தம் முழுவதும் இறங்கிவிடும்.

அடிக்கும் முறை

பலரும் திணறுவது பின்னை எடுப்பதில்தான். பதற்றத்தில் ஒரு கையால் கைப்பிடியை அழுத்திக்கொண்டே மறு கையால் பின்னை இழுப்பார்கள். அழுத்தும்போது பின் இறுகிக்கொள்ளும். எவ்வளவு பலம் கொண்டு இழுத்தாலும் வராது. சிலிண்டரைத் தரையில் வைத்து, அழுத்தாமல், பின்னைத் திருகி இழுக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் சீல் தானாக அறுந்துவிடும். பையன்கள் விளையாடிவிடுவார்கள் என்று பின்னைக் கட்டுக்கம்பியால் சுற்றி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பியை இன்றைக்கே அறுத்துவிடுங்கள்.

பின்னை எடுத்ததும், வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, தீயிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நிற்க வேண்டும். மேலே எழும் ஜுவாலையை நோக்கி அடித்தால் தூள் அத்தனையும் காற்றோடு போகும். எரிகிற பொருளின் அடியை நோக்கி, குழாயை இடமும் வலமுமாக வீசி அடிக்க வேண்டும். தீ அடங்கினாலும் முதுகைக் காட்டித் திரும்பாமல் பின்னோக்கியே நடந்து வெளியே வரவேண்டும்.

இனி நம் சரக்குகளுக்கே உரிய சங்கதிகள். மைதா, கடலைமாவு, பொடித்த சர்க்கரை இவற்றின் பக்கத்தில் தீ என்றால் அருகில் நின்று மாவுக் குவியல் மேல் அடிக்காதீர்கள். வேகத்தில் மாவு கிளம்பும். காற்றில் பறக்கும் நுண்ணிய மாவு ‘குப்’ என்று ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். தூர நின்று, தூள் மேலிருந்து விழும்படி மெதுவாக அடிக்க வேண்டும். எண்ணெய்க் கொப்பரை எரிந்தால் முதலில் அடுப்பை அணைத்து, தட்டையோ தகரத்தையோ வைத்து மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் கூரைவரை தெறிக்கும். சிலிண்டரைக் கிட்டத்தில் வைத்து அடித்தாலும் எண்ணெய் சிதறும்.

சில கடைகளில் 5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் விற்கிறார்கள். அதன் வாயில் தீ எரிந்தால் வால்வை மூடுவதுதான் வைத்தியம். மூட முடியாத நிலையில் தீயை மட்டும் அணைத்தால், வாயு தொடர்ந்து வெளிவந்து கடை முழுவதும் நிரம்பி, வேறெங்கோ ஒரு பொறியில் மொத்தமாக வெடிக்கும். சுற்றிலும் உள்ளவர்களை வெளியேற்றி, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுவதே நல்லது. தீபாவளிச் சமயத்தில் பட்டாசு விற்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பட்டாசு மருந்துக்குள்ளேயே எரிவதற்கு வேண்டிய பிராணவாயுச் சத்து இருக்கிறது. தூள் போட்டு மூடினாலும் எரியும். பக்கத்தில் பற்றிய அட்டைக்கும் பந்தலுக்கும் சிலிண்டர் உதவும். பட்டாசே பற்றிவிட்டால் ஓட வேண்டியதுதான்.

சாக்கு மூட்டைத் தீயைத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். எங்கள் வீதியில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வத்தல், மல்லிக் கிட்டங்கியில் மதிய நேரம் ஒயர் உருகி மூட்டை பற்றியது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தைரியமாகச் சிலிண்டரை எடுத்து அடித்தான். தீ அணைந்தது. எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், சிலிண்டரைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார்கள். மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கவில்லை. தூள் தீநாக்கை அடக்கும். மூட்டைக்கு நடுவில் இருக்கும் கங்கை அடக்காது. அன்று இரவு இரண்டு மணிக்கு மேல் அது மறுபடியும் கிளம்பியது. கடைக்குள் படுத்திருந்தவனும் அதே பையன்தான். ஆணியில் மாட்டிய சிலிண்டரில் ஒன்றும் இல்லை. வத்தல் நெடியில் கண் திறக்க முடியாமல், சுவரைத் தடவித் தடவிப் பின்வாசலைக் கண்டுபிடித்து வெளியே வந்தான். இரண்டு கையும் வெந்து பல மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தான். பின்வாசல் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டதாக இருந்ததால் பிழைத்தான். வெளியே பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

ஆகவே மூட்டையில் தீ அணைந்தால் வேலை முடியவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பட்ட மூட்டைகளையும் அவற்றுக்கு அடுத்த வரிசையையும் வெளியே இழுத்துப்போட்டு, பிரித்து, தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். சாக்குச் சரக்கு அதிகம் வைத்திருப்பவர்கள் 9 லிட்டர் தண்ணீர் வகைச் சிலிண்டர் ஒன்றோ, நீளமான ஹோஸ் பைப்போ வைத்துக்கொள்வது இதற்காகத்தான். வத்தல் மூட்டை புகைய ஆரம்பித்துவிட்டால் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போகும் வீரம் வேண்டாம். துணி நெடியையும் நிறுத்தாது, விஷப் புகையையும் நிறுத்தாது.

ஆள் இல்லாத நேரம்

பெரிய தீ விபத்துகள் பலவும் கடை சாத்திய பிறகு நடந்தவை. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் இருந்த கடைகள் எரிந்து, மண்டபமே சிதைந்ததை நாம் பார்த்தோம். 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக்கடை எரிந்ததும் விடியற்காலையில்தான். எவ்வளவு நல்ல சிலிண்டராக இருந்தாலும் ஆள் இல்லாமல் தானாக வந்து அடிக்காது. சாத்தும்போது ஃப்ரிட்ஜுக்குத் தனி இணைப்பு வைத்துக்கொண்டு மற்றதை மெயினில் அணைப்பதும், சாமி விளக்கையும் ஊதுபத்தியையும் பார்த்துவிட்டு ஷட்டரை இறக்குவதும், சூடம், தீப்பெட்டிப் பண்டல்களை எண்ணெய் டின்களுக்கு எட்டத்தில் வைப்பதும் சிலிண்டரைவிட அதிகம் காப்பாற்றும்.

கடைக்குள் பையன்களைப் படுக்க வைத்து வெளியே பூட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. திருட்டுப் பயத்தில் செய்கிறார்கள் என்று தெரியும். சரக்கு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். யாரோ பெற்ற பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்வது? உள்ளிருந்து திறக்க முடியாத கடையில் யாரும் படுக்கக் கூடாது. சிலிண்டர் இருக்கும் இடமும் சாவி இருக்கும் இடமும் இருட்டில் கைக்குத் தெரிய வேண்டும். தீ சிறிதாக இருந்தால் ஒருவர் அடிக்கும்போதே இன்னொருவர் 101 அல்லது 112க்குப் பேசிவிட வேண்டும். ஒரு சிலிண்டர் முடிந்தும் அணையவில்லை என்றாலோ, புகை தலைக்கு மேல் தாழ்ந்து வந்தாலோ, இரண்டாவது சிலிண்டரைத் தேடாமல் வெளியேறிவிடுங்கள்.

அணைந்த பிறகு

தூள் விழுந்த அரிசி, பருப்பு, திறந்த டின் எதையும் புடைத்துச் சுத்தம் செய்து விற்க நினைக்காதீர்கள். அது உரத்தில் சேரும் ரசாயனம்; உணவில் சேர்வதற்கு அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, சர்வேயர் பார்க்கும்வரை கெட்ட சரக்கைத் தனியாக வைத்திருங்கள். சரக்குப் பதிவேட்டின் ஒரு பிரதி வீட்டில் இருப்பது நல்லது. கடையோடு கணக்கும் எரிந்துவிட்டால் எதைக் காட்டி இழப்பீடு கேட்பது? சிலிண்டர் நிரப்பிய பில்களையும் அதோடு சேர்த்து வையுங்கள். அடித்த சிலிண்டரில் பாதி மிச்சம் இருந்தாலும் அன்றே நிரப்பக் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு யோசனை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கைன்’ என்ற கப்பலில் தீப்பிடித்தது. வெடிமருந்தோடு பஞ்சு பேல்களையும் ஏற்றி வந்த கப்பல். அது வெடித்ததில் அணைக்கச் சென்ற 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் நீத்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. அந்த வாரத்தில் தீயணைப்பு நிலையத்தார் செயல்முறை விளக்கம் நடத்துகிறார்கள். சங்கத்தின் மூலம் எழுதிக் கேட்டால் கடைவீதிக்கே வருவார்கள். சிலிண்டர் நிரப்பும் தவணையை அந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் கொட்டப் போகிற பழைய தூள்தானே! நிரப்பக் கொடுக்கும் முன், திறந்தவெளியில் தகரத் தட்டில் நாலு அட்டைத் துண்டைக் கொளுத்தி, கடைப் பையன்கள் ஒவ்வொருவரையும் பின்னை இழுத்து இரண்டு வினாடி அடிக்கச் சொல்லுங்கள். கணக்குப்பிள்ளையையும் விட்டுவிட வேண்டாம்.